பனலா, பற்றரியா, இரண்டுமா? கொழும்பு வீட்டுக்கு எது பொருந்தும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டி வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதாக மின்சக்தி அமைச்சர் சொன்ன கோளாறில் நாடு முழுவதும் கரண்ட் போனது. கூரை நிறையப் பனல் போட்டிருந்த வீடுகளிலும் ஃபான் நின்றுவிட்டது. மேலே வெயில் கொட்டுகிறது, கீழே ஆள் வியர்த்து வழிகிறார். பனல் பழுதானதால் அப்படி ஆகவில்லை. அந்த வகை சோலார் வேலை செய்ய வேண்டிய விதமே அதுதான்.

பில்லைக் குறைப்பது ஒரு வேலை. கரண்ட் போனால் விளக்கு எரிய வைப்பது வேறு வேலை. “சோலார்” என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு விற்பதால்தான் இத்தனை குழப்பம். கையில் இரண்டு கொட்டேஷனை வைத்துக்கொண்டு, ஒன்று பற்றரியோடும் மற்றது இல்லாமலும் இருக்க, எதில் கையெழுத்து வைப்பது என்று தடுமாறுபவர்களுக்காக இது.

## முதலில் அளவுகோல்கள்

மாத அலகு. கடைசி 12 பில்லையும் எடுத்து சராசரி பாருங்கள். ஒரு மாத பில் போதாது. ஏப்ரலில் ஏசி ஓடும், டிசம்பரில் ஓடாது. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 அலகைத் தாண்டியவர்களுக்கு 0–60, 61–90, 91–120, 121–180, 180க்கு மேல் என்று படிகள். உங்கள் பில் எந்தப் படியில் முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிவு வந்துவிடும்.

மின்வெட்டின் நீளம். 2022 மார்ச் 31இல் 13 மணிநேர வெட்டு இருந்தது. அதை நினைத்து இன்று பற்றரி வாங்குவதா, இப்போது உங்கள் வீதியில் மாதத்துக்கு எத்தனை மணிநேரம் போகிறது என்று பார்த்து வாங்குவதா? இரண்டாவதே சரி. வீட்டில் ஒட்சிசன் இயந்திரத்தில் இருக்கும் நோயாளியோ, இணையத்தில் வேலை செய்பவரோ இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

கூரை யாருடையது, என்ன கூரை. கொங்கிறீற் தளமா, ஓடா, தகரமா, அஸ்பெஸ்டோஸா? நிழல் எங்கே விழுகிறது?

லைன் தாங்குமா. உங்கள் ட்ரான்ஸ்போமரில் இன்னொரு சோலார் இணைக்க இடம் இருக்கிறதா என்பதைக் கொழும்பு நகருக்குள் மின்சார சபையும், கோட்டே, நுகேகொடை, மொறட்டுவை, களனி பக்கங்களில் லெகோ என்ற மின் விநியோக நிறுவனமும் பார்த்துச் சொல்லும். இடம் இல்லையென்றால் பணம் இருந்தும் பயனில்லை.

ஐந்து வருடம் கழித்து வரும் செலவு. கொட்டேஷனில் இது வராது. கீழே ஒவ்வொன்றுக்கும் சொல்கிறோம்.

## ஒரே பார்வையில்

| | ஒன்-கிரிட் (பனல் மட்டும்) | ஹைபிரிட் (பனல் + பற்றரி) | இன்வேர்ட்டர் + பற்றரி (பனல் இல்லை) | ஓஃப்-கிரிட் (லைன் இணைப்பே இல்லை) |
|---|---|---|---|---|
| பில் குறையுமா | நன்றாகக் குறையும் | அதே அளவு குறையும், அதைவிடச் சற்றுக் குறைவாகவும் குறையலாம் | கொஞ்சம் கூடும் | பில்லே இல்லை |
| கரண்ட் போனால் | எதுவும் வேலை செய்யாது | வீட்டுக்குள் தெரிவு செய்த வயரிங் லைன்கள் வேலை செய்யும் | ஃபான், விளக்கு, ரவுட்டர் | பாதிப்பு இல்லை |
| கூரை வேண்டுமா | 5 கிலோவாற்றுக்குச் சுமார் 25 சதுர மீற்றர் | அதே அளவு | தேவையில்லை | இன்னும் அதிகம் |
| அனுமதி | வேண்டும் | வேண்டும் | வேண்டாம் | லைன் இல்லாததால் வேண்டாம் |
| முதலில் மாற்ற வேண்டி வருவது | இன்வேர்ட்டர் | பற்றரி, இன்வேர்ட்டர் | ஈயப் பற்றரி, 3–4 வருடத்தில் | பற்றரி |
| யாருக்கு | 180 அலகு தாண்டும் சொந்த வீடு | அதே வீடு, வெட்டு தாங்க முடியாதவர் | வாடகை வீடு, தொடர்மாடி | லைன் எட்டாத இடம் |

## ஒன்-கிரிட்: பில்லுக்கு மருந்து, இருட்டுக்கு அல்ல

பனல், அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர், இரண்டு பக்கமும் எண்ணும் மீற்றர். அவ்வளவுதான். லைனில் மின்சாரம் இருக்கும்வரைதான் இன்வேர்ட்டர் ஓடும். லைன் போனதும் இரண்டு விநாடிக்குள் தானாக நின்றுவிட வேண்டும். அப்படி நிற்காவிட்டால், செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாயும்.

கொழும்பில் 1 கிலோவாற் பனல் மாதத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அலகு தரும். நாம் 110 என்று எடுப்போம். 550 வாற் பனல் ஒன்று 2.3 மீற்றர் நீளம், 1.13 மீற்றர் அகலம், கிட்டத்தட்ட 28 கிலோ. 5 கிலோவாற்றுக்கு 9 அல்லது 10 பனல். கொழும்பு வடக்கு அகலாங்கு 7 பாகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் வருடம் முழுவதும் உச்சிக்கு அருகிலேயே போகும். ஆகவே தெற்குப் பார்க்காத கூரையென்று கவலைப்பட வேண்டாம். ஆனால் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். 10 பாகை சாய்வாவது இருந்தால்தான் மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும். சாய்வு குறைந்தால் கீழ் விளிம்பில் சேறு ஒரு கோடாகத் தங்கும்; அந்தக் கோடு கீழ் வரிசைச் செல்களை மறைத்து முழுப் பனலையும் கீழே இழுக்கும்.

எத்தனை கிலோவாற்? இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மாதம் 300 அலகு பாவிக்கும் வீட்டை எடுங்கள். முதல் கிலோவாற் தரும் 110 அலகும் 180க்கு மேலான படியிலிருந்து, அதாவது ஆக விலை கூடிய மின்சாரத்திலிருந்து கழிகிறது. இரண்டாவது கிலோவாற் அந்தப் படியில் மிச்சமிருந்த 10ஐயும், அடுத்த படியின் 60ஐயும், அதற்கடுத்த 30ஐயும், பிறகு 10ஐயும் கழிக்கிறது. மூன்றாவது கிலோவாற் மிஞ்சிய மலிவான 80 அலகைக் கழித்து, 30 அலகை வெளியே அனுப்புகிறது. நாலாவதும் ஐந்தாவதும் முழுக்க விற்பனைக்குத்தான். நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து இறங்குவதால், முதல் இரண்டு கிலோவாற்றின் பெறுமதி இன்னும் கூடுகிறது.

விற்பனை விலை நிலையாக நிற்கும் ஒன்றல்ல. 2016இல் அரசின் கூரைச் சோலார் திட்டமான சூரிய பல சங்கிராமய தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு அலகுக்கு 22 ரூபாய், அடுத்த 13 வருடத்துக்கு 15.50. 2022இல் 37 ஆனது. 2024இல் 27. 2025இல் 5 கிலோவாற் வரையான புதிய இணைப்புகளுக்கு 20.90. மேலே சொன்ன 300 அலகு வீட்டில் 5 கிலோவாற் போட்டால் மிஞ்சுவது மாதம் 250 அலகு: 37 ரூபாய்க் காலத்தில் 9,250 ரூபாய், 20.90இல் 5,225 ரூபாய். உறவினர் ஒருவர் 2022இல் போட்டு “நாலு வருடத்தில் காசு திரும்பிவிட்டது” என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கணக்கு உங்களுக்கு ஆகாது. உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலைதான் உங்கள் கணக்கு.

அதனால் 2025 விலையில் எங்கள் தீர்ப்பு: சொந்தப் பாவனையை மூடும் அளவுக்குப் போடுங்கள், விற்று லாபம் பார்க்கப் போடாதீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. இன்வேர்ட்டர், மீற்றர், விண்ணப்பம், ஆள்கூலி ஆகியவை 2 கிலோவாற்றுக்கும் 5 கிலோவாற்றுக்கும் அவ்வளவு வித்தியாசப்படாது. எனவே மிகச் சிறிய தொகுதியில் கிலோவாற்றுக்கான விலை ஏறிவிடும். இரண்டு அளவுக்கும் விலை கேட்டு, கூடுதல் கிலோவாற்றுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

திட்டத்தின் பெயர்களிலும் கவனம் வேண்டும். நெற் மீற்றரிங்கில் மிஞ்சும் அலகு அலகாகவே அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெற் அக்கவுன்டிங்கில் மிஞ்சுவதற்குக் காசு. நெற் பிளஸில் உற்பத்தி முழுவதையும் விற்றுவிட்டு, பாவனைக்கு முழு பில்லும் கட்ட வேண்டும். விற்கும் விலை வாங்கும் விலையை விடக் குறைந்திருக்கும்போது வீட்டுக்காரர் ஒருவருக்கு அதில் வேலையில்லை.

எங்கே பிழைக்கிறது? முதலாவது நடுப்பகல் வோல்ற்றேஜ். 230 வோல்ற்றுக்கு 6 வீதம் கூடக் குறைய, அதாவது 216 முதல் 244 வரை என்பது இங்குள்ள எல்லை. வீதியில் பத்து வீடு ஒரே நேரத்தில் மின்சாரத்தை உள்ளே தள்ளினால் லைன் 241, 242 என்று ஏறும். உங்கள் இன்வேர்ட்டரிலிருந்து மீற்றருக்கு 30 மீற்றர் தூரம், 6 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிள் என்று வைப்போம். 5 கிலோவாற் ஓடும்போது அந்தக் கேபிளில் மட்டும் 4 வோல்ற் கூடும். 242 இன்வேர்ட்டரின் வாயில் 246 ஆகிவிடும். அதன் மேல் எல்லையைத் தொட்டதும் நிற்கும், சில நிமிடம் கழித்து ஓடும், திரும்பவும் நிற்கும். கைத்தொலைபேசிச் செயலியில் அன்றைய வரைபடம் சீப்புப் பல் மாதிரித் தெரிந்தால் இதுதான் வியாதி. 16 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டிருந்தால் அதே தூரத்தில் ஏற்றம் 1.5 வோல்ற்தான். கேபிளை முதலிலேயே தடிப்பாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் ட்ரான்ஸ்போமரின் டப்பை (வோல்ற்றேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை) மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

இரண்டாவது கூரை மேல் பனல் கேபிள்களை ஒன்றோடொன்று சொருகும் எம்சி4 இணைப்பு. ஒரு பிராண்டின் ஆண் முனையை இன்னொரு பிராண்டின் பெண் முனையில் சொருகினால் பொருந்திவிட்ட மாதிரித்தான் இருக்கும். உள்ளே தொடும் பரப்பு குறைந்து சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு நாள் உருகும். 9 பனல் தொடராக இருந்தால் அங்கே ஏறத்தாழ 450 வோல்ற் நேர்மின்னோட்டம் நிற்கிறது. அதில் பொறி பிடித்தால் தானாக அணையாது. சரியான சோடி “டிக்” என்ற சத்தத்தோடு பூட்டும், இழுத்தால் வராது. ஏணியில் ஏற முடியாவிட்டாலும் வேலையாளை ஒவ்வொன்றையும் படம் எடுத்துத் தரச் சொல்லலாம். கேபிளை நைலோன் பட்டியால் கட்டினால் வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் பொரிந்து அறும். கேபிள் தகரத்தில் உரசத் தொடங்கும். ஸ்ரெயின்லெஸ் பட்டி கேளுங்கள். வித்தியாசம் சில ஆயிரம்தான்.

மூன்றாவது கடல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசைப் பக்கத்தில் கடற்கரை ரயில் பாதைக்கு அருகில் இருப்பவர்கள் சாதாரணக் கல்வனைஸ் ஆணியை ஏற்கவே கூடாது. 316 தர ஸ்ரெயின்லெஸ் போல்ற், உப்புக்காற்றுச் சோதனை முடித்த பனல் என்று கொட்டேஷனில் எழுத வையுங்கள். பிறகு காகம். கொழும்புக் காகத்தின் எச்சம் காய்ந்தால் மழைக்கும் போகாது. ஒரு செல்லை மறைத்தால் அந்தச் செல் சூடேறிக் கறுக்கும். காலையில், பனல் ஆறியிருக்கும்போது, வெறும் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மத்தியானச் சூட்டில் குளிர்ந்த நீரை அடித்தால் கண்ணாடி வெடிக்கலாம்.

கூரை அஸ்பெஸ்டோஸ் என்றால் நின்று யோசியுங்கள். துளை போடும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய சீற் ஆள் மிதித்தால் உடையும். பனல் 20 வருடத்துக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே 25 வருடப் பழைய சீற்றை விட்டால், நடுவில் எல்லாவற்றையும் கழற்றிக் கூரை மாற்ற வேண்டி வரும். கூரையை முதலில் மாற்றும் செலவைச் சோலாரின் செலவாகவே எண்ணுங்கள்.

இன்னொன்று. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி நாட்டின் தேவை இறங்கியபோது, கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. நடுப்பகலில் நாட்டில் சோலார் மிஞ்சுவதும், இரவு ஏழு மணிக்குப் பற்றாக்குறை வருவதும்தான் இனி வரப்போகும் நிலைமை. விற்பனை விலை இறங்கியதைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

## ஹைபிரிட்: இரண்டு வேலையும் செய்யும், ஆனால் பில்லுக்காக வாங்க வேண்டாம்

ஹைபிரிட் இன்வேர்ட்டருக்கு மூன்று வாசல்: பனல், லைன், பற்றரி. லைன் போனதும் 10–20 மில்லிவிநாடியில் வீட்டைத் தனியே பிரித்து, தெரிவு செய்த லைன்களுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். கணினிகூட அணையாது.

விற்பனையாளர் சொல்லும் முதல் வாசகம்: “பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் பாவித்தால் பில் குறையும்.” நெற் அக்கவுன்டிங்கில் இது சரியில்லை. பகலில் வெளியே அனுப்பிய ஒரு அலகு, இரவில் எடுக்கும் ஒரு அலகை ஒன்றுக்கு ஒன்றாகக் கழிக்கிறது. லைனே உங்கள் இலவசப் பற்றரி. அதே அலகைச் சொந்தப் பற்றரியில் போட்டு எடுத்தால் பத்தில் ஒன்று சூடாகப் போய்விடும். அதோடு இன்வேர்ட்டர் தான் விழித்திருக்கவே மின்சாரம் எடுக்கும். சில மலிவு மொடல்கள் 50 வாற் எடுக்கும். மாதம் 36 அலகு, அதாவது 1 கிலோவாற் பனலின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு. தரவுத்தாளில் “ஓய்வுநிலைப் பாவனை” எவ்வளவு என்று கேளுங்கள்.

மாலை உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து லைனுக்குக் கொடுத்தால் தனியாகக் கூடிய விலை தரும் ஏற்பாடு 2025இல் அறிவிக்கப்பட்டது. அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 6.30 முதல் 10.30 வரை பற்றரியை விற்று முடித்தால், 11 மணிக்குக் கரண்ட் போகும்போது உங்களுக்கு மிஞ்சுவது அடிவண்டல்தான். எத்தனை வீதம் எப்போதும் கையிருப்பில் நிற்க வேண்டும் என்பதைச் செற்றிங்கில் குறித்து வையுங்கள்.

எவ்வளவு பற்றரி? இப்போது வருபவை பெரும்பாலும் லித்தியம் இரும்பு பொஸ்பேற். 51.2 வோல்ற், 100 அம்பியர்-மணி என்றால் 5.12 அலகு, பாவிக்கக் கிடைப்பது 4.5 அளவில். இரண்டு ஃபான் 140 வாற், ஐந்து விளக்கு 45, ரவுட்டர் 15, தொலைக்காட்சி 80, ஃபிரிட்ஜ் சராசரியாக 60 என்று வைத்தால் 340 வாற். ஐந்து மணிநேரத்துக்கு 1.7 அலகு. ஆக ஒரு பற்றரி ஒரு இரவைத் தாண்டும். ஒரு ஏசியைச் சேர்த்தால் கணக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஓடிவிடும். அரை குதிரைவலு தண்ணீர் மோட்டர் ஓடும்போது 500 வாற்தான். தொடங்கும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 3 கிலோவாற் இன்வேர்ட்டர் அதில் விழுந்து எழும்பும்.

மறைந்த செலவு வயரிங்கில் இருக்கிறது. வெட்டின்போது வேலை செய்ய வேண்டிய லைன்களைத் தனிப் பெட்டிக்குப் பிரிக்க வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு அறைக்கு ஒரே நியூட்ரலை எடுத்திருப்பார்கள். ஒன்றைப் பிரித்து மற்றதை விட்டால் ட்ரிப் சுவிட்ச் காரணமில்லாமல் விழும். ஒரு நாள் வேலை நாலு நாள் ஆவது இதனால்தான்.

அதைவிட முக்கியமானது ஏர்த். இங்கே வீட்டு ஏர்த் நம் வளவில் அடித்த கம்பியில் நிற்கிறது. நியூட்ரல் ட்ரான்ஸ்போமர் பக்கத்தில் நிலத்தோடு சேர்கிறது. ஹைபிரிட் லைனைத் துண்டிக்கும்போது நியூட்ரலையும் துண்டித்தால், வீட்டுக்குள் நியூட்ரலுக்கும் நிலத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகும். அந்த நேரத்தில் ஒரு கேத்தலில் கசிவு வந்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழாது. முதல் பழுது யாருக்கும் தெரியாமல் கிடக்கும், இரண்டாவது வரும்போது ஆளை அடிக்கும். இதற்குத்தான் வெட்டின்போது நியூட்ரலை ஏர்த்தோடு சேர்க்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச். சில இன்வேர்ட்டரில் உள்ளேயே இருக்கும், சிலதில் செற்றிங்கில் போட வேண்டும், சிலதில் வெளியே பொருத்த வேண்டும்.

வேலையாள் மெயினை இறக்கிவிட்டு, ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமுக்கி “பாருங்க, விழுது” என்று காட்டினால் ஏமாற வேண்டாம். அந்தப் பொத்தான் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சின்ன மின்னோட்டத்தை விடுகிறது. ஏர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழும். மெயின் இறங்கிய நிலையில், பிளக்கில் சொருகும் ட்ரிப் சோதனைக் கருவியால் 30 மில்லிஅம்பியரில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கொண்டுவராதவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

பற்றரியை எங்கே மாட்டுவது? மேற்குச் சுவருக்கு வெளியே, தகரக் கொட்டிலுக்குக் கீழே வேண்டாம். 35 பாகையைத் தாண்டும் சூடு ஆயுளைத் தின்னும். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் 2016 மே மாதத்தில் களனி ஆறு வீட்டுக்குள் வந்ததை மறந்தவர் இருக்கமாட்டார். அந்த நீர்க்கறைக்கு மேலே, சுவரில்.

எப்போது இது சரி? 180 அலகு தாண்டும் சொந்த வீடு, நிழலில்லாத கூரை, வெட்டினால் தொழிலோ உடல்நலமோ பாதிக்கப்படும் நிலைமை. மூன்றும் சேர்ந்திருந்தால் தயங்க வேண்டாம். முதல் இரண்டு மட்டும் இருந்தால், பற்றரி பிறகு சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டரை இப்போது போட்டு, பற்றரியைத் தள்ளிப் போடலாம். அப்படிச் செய்பவர்கள் அந்த இன்வேர்ட்டர் எந்தெந்தப் பற்றரியோடு பேசும் என்ற பட்டியலை இன்றே எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வாங்கும் பற்றரி அதோடு பேசாமல் போவது வழக்கமாக நடக்கிற காரியம்.

## பனல் இல்லாமல் இன்வேர்ட்டரும் பற்றரியும்

கூரை இல்லாதவருக்கு, வாடகைக்கு இருப்பவருக்கு, “இரவு பிள்ளை படிக்க ஒரு விளக்கும் ஃபானும் போதும்” என்பவருக்கு இது. சோலார் இல்லையே என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். மாதத்தில் நாலைந்து மணிநேரம் மட்டும் கரண்ட் போகும் வீட்டுக்கு இதுதான் ஆக மலிவான பதில். வீடு மாறும்போது கூடவே வரும்.

12 வோல்ற், 150 அம்பியர்-மணி ஈயப் பற்றரி 1.8 அலகு வைத்திருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இன்வேர்ட்டர் இழப்பும் போனால் கையில் 0.75 அலகு. இரண்டு ஃபான், ஐந்து விளக்கு, ரவுட்டர் சேர்ந்து 200 வாற் என்றால் கிட்டத்தட்ட நாலு மணிநேரம். லைனில் வருவது போன்ற சுத்த சைன் அலை தரும் இன்வேர்ட்டர்தான் வாங்க வேண்டும். மற்றதில் ஃபான் முனகும், சூடேறும்.

2022இல் இத்தகைய பற்றரிகளைச் சாகடித்தது வெட்டின் நீளம் மட்டுமல்ல, இரண்டு வெட்டுக்கு இடையிலிருந்த குறுகிய இடைவெளியும்தான். ஈயப் பற்றரியைக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது 15 அம்பியரில் ஏற்றினால் பாதி காலியானதை நிரப்ப எட்டு மணிநேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த வெட்டு வந்தால் அரைகுறையாக நிற்கும் தட்டுகளில் சல்பேற் இறுகும். கொழும்புச் சூட்டில் மூன்று நாலு வருடம்தான் இதற்கு ஆயுள். மாதம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். ஏறும்போது ஐதரசன் வரும். ஆகவே படிக்கட்டுக்குக் கீழே மூடிய அலுமாரியிலும், சாமி விளக்குக்குப் பக்கத்திலும் வைக்கவே கூடாது.

ஈயப் பற்றரி செத்ததும் அதே இன்வேர்ட்டரில் லித்தியம் போடலாமா? 12.8 வோல்ற் லித்தியம் 14.6 வரைதான் தாங்கும். பழைய இன்வேர்ட்டர்கள் இடைக்கிடை ‘ஈக்குவலைஸ்’ என்று 15 வோல்ற்றுக்கு மேல் ஏற்றும். பற்றரியின் பாதுகாப்புச் சுற்று தன்னை மூடிக்கொள்ளும், வீடு இருட்டாகும். லித்தியம் செற்றிங் இருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இன்வேர்ட்டரையும் மாற்ற வேண்டும்.

## ஓஃப்-கிரிட்

கொழும்புக்குள் வேண்டாம். நாளைக்கு 8 அலகு பாவிக்கும் வீடு, ஒக்டோபர், நவம்பரில் தொடர்ந்து இரண்டு நாள் வானம் மூடியிருந்தால் தாங்க 20 அலகுப் பற்றரி வேண்டும். நல்ல வெயில் நாளில் மிஞ்சுவதை விற்கவும் வழியில்லை, அது வீண். லைன் எட்டாத தோட்டத்து வீட்டுக்கும், வாடிக்கும் சரி.

## தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஆறாம் மாடியில் நீங்கள் வீடு வாங்கியிருந்தாலும் மேல்தளம் உங்களுடையது மட்டுமல்ல. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனைச் சட்டத்தின்படி அது எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான பகுதி. தனியாளாகப் பனல் போட முயன்றால் உங்கள் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் கூட்டத்தில் சண்டைதான் மிஞ்சும்.

நடைமுறையில் ஓடக்கூடியது வேறு. பொது மீற்றரில் ஒன்-கிரிட் போட்டு, லிப்ட், தண்ணீர் மோட்டர், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றின் பில்லைக் குறைப்பது. மிச்சப்படுவதை மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் எல்லோருக்கும் சமமாகக் கழிப்பது. தண்ணீர் மோட்டரைப் பகலில் ஓட வைத்து மேல் தாங்கியை நிரப்புவது தனியாக ஒரு சதமும் கேட்காத சேமிப்பு. தன் வீட்டுக்குள் ஒவ்வொருவரும் சின்ன லித்தியம் இன்வேர்ட்டர் வைத்துக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: பக்கத்துக் காணியில் கட்டடம் எழும்பினால் உங்கள் மேல்தளத்தில் நிழல் விழும். வெற்றுக் காணி தெரிந்தால், அங்கே பத்து மாடி வரும் என்றே கணக்குப் போடுங்கள்.

## பணம் கொடுக்கும் ஒழுங்கு

நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்த நிறுவனமா என்று முதலில் பாருங்கள். அடுத்து விண்ணப்பம், ட்ரான்ஸ்போமர் பரிசீலனை, அனுமதி. அனுமதி வரும்வரை பெரிய முற்பணம் கொடுக்க வேண்டாம். பனலைக் கூரையில் ஏற்றிவிட்டு “மீற்றர் மாற்ற இன்னும் கொஞ்ச நாள்” என்று காத்திருப்பவர்கள் கொழும்பில் நிறைய. அந்த மாதங்களில் வங்கிக் கடனுக்கு வட்டி ஓடும், பனல் சும்மா காயும். முற்பணம், பொருள் வந்ததும், பொருத்தியதும், மீற்றர் மாறியதும் என்று நாலு தவணை கேளுங்கள். கடைசித் தவணை நோகும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

பனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள். அது உற்பத்தி அளவுக்கான உத்தரவாதம். பொருளுக்கு 12 வருடமா 15 வருடமா, இன்வேர்ட்டருக்கு 5 வருடமா 10 வருடமா, பழுதானால் கழற்றி மாட்டும் கூலி யாருடையது என்று தனித்தனியாக எழுத வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி இங்கே வழக்கம். இடிப் பாதுகாப்புச் சாதனம் பனல் பக்கமும் லைன் பக்கமும் இரண்டிலும் இருக்கிறதா, இடி விழுந்து போனால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் அதே பக்கத்தில் சேருங்கள்.

மீற்றர் மாறிய அன்று மாலை அதன் முன்னால் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பல மீற்றர்களில் திரை மாறி மாறி வரும்: 1.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் எடுத்தது, 2.8.0 என்று வருவது நீங்கள் கொடுத்தது. மறுநாள் மத்தியானம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டையும் படம் எடுத்து வைத்து, சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். 2.8.0 ஏறாமல் 1.8.0 ஏறினால் மீற்றரில் வயரை மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். முதல் பில் வரும்வரை காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்.